ஐஸ் வண்டியை மறித்த வகுப்பு

ஐஸ் வண்டியை மறித்த பிள்ளைகளில் என் மகள் சுவேதாவும் இருந்தாள் என்று எனக்கு முதலில் சொன்னவர், அந்த வண்டியை ஓட்டி வந்த பாவாடைதான். நான் அப்போது சேதராப்பட்டு கம்பெனியில் ஸ்டோரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை மனிதர்.

"மோகன், உங்க குப்பத்துப் புள்ளைங்க ரோட்டுல சம்மணம் போட்டு உக்காந்துனு சாமிப் பாட்டு பாடுதுங்க. உன் பொண்ணுதான் எடுத்துக் குடுக்குது. கொரலு நல்லாத்தான் இருக்குது. ஆனா ஐஸ் உருகுதுய்யா."

"எதுக்கு உக்காந்துதுங்க?"

"பாய் வூட்டு ஐஸ் வேணாமாம்."

"நீ பாய் இல்லையே."

"அதத்தான் நானும் சொல்றேன். மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினு தாடி வளத்தேன் பாரு, அது வெனையாப் போச்சு. ஒரு பொடிசு என்னப் பாத்து, உன் ஊருக்குத் திரும்பிப் போன்னுது. எனக்கு ஊரு திருக்கனூரு, இப்படிக்கா திரும்பவா அப்படிக்கா திரும்பவான்னு கேட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று காலை எங்கள் குப்பத்து ஃபைபர் போட்டுகள் எல்லாம் மத்தி மீனை வாரிக்கொண்டு கரையேறியிருந்தன. மத்தி வெயில் தாங்காது. ஐஸ் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் வயிறு வெடித்துவிடும், மனிதர் தின்ன ஆகாது. எங்களுக்கு ஐஸ் வருவது பைபாஸில் இருக்கும் கவுஸ் பாய் ஃபேக்டரியிலிருந்துதான். வேறு ஃபேக்டரியில் கேட்டால் துறைமுகத்து விசைப்படகுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் தருகிறேன் என்பார்கள். இதெல்லாம் ரோட்டில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளின் அப்பன்கள்தான் கரையில் ஐஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வண்டி மறிக்கப்பட்டது மெயின் ரோட்டுத் திருப்பத்தில். கரைக்குச் செய்தி வரவே நேரமாகிவிட்டது. அதற்கு முன்பே ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். வந்தவர் பிள்ளைகள் பாடுவது பக்திப் பாட்டு என்று கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாடுகிற பிள்ளையைத் தொட்டால் எவனாவது போட்டோ எடுத்துப் போட்டுவிடுவான் என்று அவருக்குப் பயம். இன்ஸ்பெக்டர் வரட்டும் என்றார். இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் மத்தி முழுவதும் கோழித்தீவன லாரிக்குப் போய்விட்டது.

இந்த வகுப்பு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏன் இதற்காக இவ்வளவு அலைந்தேன் என்று புரியாது.

எங்கள் அம்மன் கோயிலின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சமய வகுப்பு நடந்துவந்தது. பதிகம் சொல்லித் தருவார்கள், சாமி கதை சொல்வார்கள், ராகம் போட்டுப் பாட வைப்பார்கள். அதைத் தொடங்க ஊர்ப் பஞ்சாயத்துக்கு மனு எழுதியவன் நான்தான். கவர்ன்மெண்ட் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருக்கும் பாக்கியலட்சுமி மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சொல்லித் தந்தார். என் மனைவி ஜெயசித்ரா மீன் விற்கிறவள். கோயிலில் பாட்டு கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு வாசலோரம் நிற்பாளே தவிர, ஒரு வரி அவளுக்கு வராது. தன் மகள் உள்ளே நின்று பாடுவதைப் பார்த்த அன்று அவள் வீட்டில் குழம்பு வைக்கவே மறந்துவிட்டாள்.

பிறகு டீச்சருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. புதுச்சேரியில் கவர்ன்மெண்ட் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு இது வந்தே தீரும். அறை பூட்டிக் கிடந்தது. அப்போது வந்தவன்தான் சரத்குமார். வில்லியனூர்ப் பக்கத்துப் பையன், ஏதோ மொபைல் கம்பெனியில் வேலை. காசு வேண்டாம், நான் சொல்லித் தருகிறேன் என்றான். நன்றாகவே சொல்லித் தந்தான். பரீட்சை சமயத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கும் போட்டுக் காட்டினான்.

வாரம் ஒரு சபதம் எடுக்க வைப்பான். குளிக்காமல் சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம். பெற்றவர்களை எதிர்த்துப் பேசுவதில்லை என்று ஒரு வாரம். இதெல்லாம் எனக்கும் பிடித்திருந்தது, யாருக்குத்தான் பிடிக்காது? அப்புறம், பிற வீட்டில் கை நனைப்பதில்லை என்று ஒன்று வந்தது. அதைக் கேட்டபோது சுத்தபத்தமாக இருக்கச் சொல்கிறான் போல என்று நினைத்துக்கொண்டோம். அதற்கப்புறம் வந்ததுதான், பாய் வீட்டு ஐஸைத் தொடுவதில்லை என்பது.

அன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். சுவேதா கட்டிலில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். ஜெயசித்ரா காலியாகப் போன கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"நாங்க யாரையும் அடிக்கலப்பா. பாட்டுதான் பாடினோம்."

"பாடறதுக்கு ரோடுதான் கெடச்சுதா?"

"நாம குடுக்கற காசு கடைசில யாருக்குப் போவுதுன்னு பாக்கணும்னு சரத் அண்ணன் சொன்னாரு."

ஜெயசித்ரா கூடையை வைத்துவிட்டு வந்தாள். "நான் விக்கிற மீனு யாருக்குப் போவுது தெரியுமாடி? பாதிக்கு மேல முல்லா வீதிக்குப் போவுது. அந்தக் காசுலதான் நீ போட்டுனு இருக்கற சுடிதாரு."

"அதையும் நிறுத்தணும்மா."

ஜெயசித்ரா என்னிடம் திரும்பி, "யோவ், இதுக்கு நீ பதில் சொல்லு. நாலு பேருக்கு மனு எழுதிக் குடுக்கறவன் நீதான. எனக்கு வாயில வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி கூடையைக் கழுவப் போனாள்.

என்ன பதில் சொல்வது? எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் பெண் பாட வேண்டும், சாமியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், அதைக் கற்றுக்கொண்ட வாயால் இன்னொருத்தன் வண்டியை மறிக்கக் கூடாது. இதிலே என்ன சிக்கல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அடுத்து வந்த நாட்களில் நான் பார்த்த ஒருவருக்கும் இந்த இரண்டும் சேர்ந்து காதில் ஏறவில்லை. பாட்டு வேண்டும் என்றால், ஓ நீ சரத்குமார் கட்சியா என்றார்கள். சரத்குமார் வேண்டாம் என்றால், ஓ உனக்குச் சாமி இல்லையா என்றார்கள்.

முதலில் பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சநாதனிடம் போனேன். அவருடைய போட்டு மத்திதான் லாரிக்கு அதிகம் போனது.

"பூட்டிட்டேன். சாவி தோ, என் இடுப்புல" என்றார்.

"சரத்குமார வேணாம்னு சொல்லுங்க தலைவரே. வகுப்ப ஏன் பூட்டணும்?"

"வகுப்பு இருந்ததாலதான அவன் வந்தான்?"

"கடல் இருக்கறதாலதான் பொயலும் வருது. கடலப் பூட்டிடுவீங்களா?"

"பூட்ட முடிஞ்சா பூட்டிருப்பேன், அன்னைக்கு இருந்த கோவத்துக்கு" என்றார். அவரிடம் அதற்கு மேல் பேசிப் பயன் இல்லை.

மறுநாள் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், தூக்கம் இல்லாத கண்.

"சாமிப் பாட்டு சொல்லித் தர யாரக் கேட்டீங்க?"

"யாரக் கேக்கணும் சார்? எங்க புள்ளைங்களுக்கு எங்க சாமியச் சொல்லித் தர எங்களுக்கு உரிமை இல்லையா?"

"உரிமையெல்லாம் இருக்கு. உரிமை இருக்கறவங்க எல்லாம் எதுக்கு என் ஸ்டேஷன்ல வந்து உக்காந்திருக்கீங்க? வகுப்ப நிறுத்திட்டீங்கன்னா எனக்கு ஒரு தலைவலி கொறையும்."

"சொல்லிக் குடுத்தவர விசாரிங்க சார்."

"விசாரிச்சாச்சு. சபதம் எடுக்கச் சொன்னேன், மறிக்கச் சொல்லலங்கறான். சபதம் எடுக்கறதுக்கு எந்த செக்ஷன்ல கேஸ் போட? நீயே சொல்லு, மனு எழுதறவன்தான."

அதோடு விட்டிருந்தால் தேவலை. பாரபட்சம் பார்த்ததாகப் பேர் வந்துவிடக் கூடாது என்று, பக்கத்து மாதா கோயிலில் நடக்கும் ஞானோபதேச வகுப்புக்கும், முல்லா வீதிப் பள்ளிவாசலில் பிள்ளைகள் ஓதும் வகுப்புக்கும் ஆள் அனுப்பி, யார் யார் படிக்கிறார்கள், யார் சொல்லித் தருகிறார்கள் என்று விவரம் கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மாதா கோயில் உபதேசியார் என்னைச் சைக்கிளோடு நிறுத்தினார்.

"உங்க ஐஸுக்கு எங்க ஞானோபதேசத்த ஏன்யா இழுக்கறீங்க? புதுநன்மை எடுக்கப் போற புள்ளைங்க பேரையெல்லாம் ஸ்டேஷனுக்குக் குடுக்கணுமாம்."

"நான் குடுக்கச் சொல்லலங்க."

"நீங்க ஆரம்பிச்சீங்க, நாங்க அனுபவிக்கறோம்."

ஒரு குப்பத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்ததற்கு மூன்று மதத்துக்காரர்களுக்கும் என் மேல் கோபம். நான் செய்தது, மகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பியது.

அதற்கடுத்து ஒரு சேவை அமைப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். இன்ஸ்பெக்டர் ஏற்பாடு. சமுதாயக் கூடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டுக் காட்டினார். தலைப்பு தீவிரவாதத் தடுப்பு. பாலைவனம், கறுப்பு முகமூடி, கையில் துப்பாக்கி. ஒவ்வொரு படமாக நகர்த்தி, "இந்த மாதிரி யாராவது உங்களை அணுகினார்களா?" என்று கேட்டார். பிள்ளைகள் இல்லை என்று ராகமாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் கருவாடு விற்கும் செல்வாம்பாள் அக்கா பின்னாலிருந்து, "ஏம்மா, இவுங்கல்லாம் ஐஸ் விக்கறவங்களா?" என்று கேட்டாள். அவள் நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். கூடமே சிரித்தது.

நான் எழுந்து கேட்டேன். "முகமூடி போட்டவன் வந்தா எங்களுக்கே தெரிஞ்சிடும்மா. ஒருத்தன் அன்பா வரான், நல்லதச் சொல்லித் தரான், நல்லதோட நடுவுல இதையும் வச்சுத் தரான். அவன என்ன பண்றது?"

"நல்ல கேள்வி சார். அதுக்கு நாங்க தனியா ஒரு செஷன் வச்சிருக்கோம்" என்றார். அந்தச் செஷன் எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்த வாரத்தில்தான் சுவேதா வந்து நின்றாள். ஒளித்து வைக்கிற பெண் இல்லை அவள், அந்த மட்டில் நிம்மதி.

"அப்பா, வகுப்பு இப்ப நெல்லித்தோப்புல நடக்குது. சொல்தா வூட்டு மாடில."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அந்தக் குடும்பம் பாரிஸில் இருக்கிறது, மாடியை வாடகைக்கு விட்டிருந்தது. அதைச் சரத்குமாரும் அவன் சிநேகிதர்களும் எடுத்திருந்தார்கள்.

"போயிட்டியா?"

"ஒரு வாரம் போனேன். போவாதன்னு சொன்னா நின்னுடறேன். ஆனா எனக்குப் பாட்டு யாரு சொல்லித் தருவீங்க? நீயா? அம்மாவா?"

"நானும் வந்து உக்காரட்டுமா?"

"பெரியவங்களுக்கு எடம் இல்ல. கதவச் சாத்திடுவாங்க."

"பாட்டுக்கு எதுக்குடி கதவச் சாத்தணும்?"

"கவனம் செதறாம இருக்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு நான் நெல்லித்தோப்புக்குப் போனேன். மாடி ஜன்னல் எல்லாம் சாத்தி, ஏசி தண்ணீர் படிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பாட்டு கேட்கவில்லை, பேச்சுதான் கேட்டது, என்ன பேச்சு என்று தெரியாத அளவுக்கு. கோயில் பின்னறையில் நடந்தபோதாவது எதிர்த் திண்ணையில் வலை தைக்கிறவர்கள் காதில் நாலு வார்த்தை விழுந்துகொண்டிருந்தது. பூட்டுப் போட்டு நாங்கள் சாதித்தது இதுதான்.

மணியடித்தேன். சரத்குமாரே இறங்கி வந்தான். மரியாதையான பையன், அதுதான் எரிச்சல்.

"வாங்க சார். சுவேதா ரொம்ப சூட்டிகையான பொண்ணு."

"மேல வந்து உக்காரட்டுமா தம்பி?"

"பெரியவங்க இருந்தா புள்ளைங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க சார்."

"பேச எங்க அனுப்பினேன், பாடத்தான அனுப்பினேன்?"

அவன் கொஞ்சம் சிரித்தான். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "டீச்சர் காரைக்கால் போனப்போ அந்த ரூம் பூட்டியே கெடந்துது. உங்க குப்பத்துல ஒருத்தர் வந்து தெறந்தீங்களா? ஞாயித்துக்கிழம ஆனா நீங்க மேட்ச் பாத்தீங்க. நான்தான சார் வில்லியனூர்லேருந்து வந்தேன். மழையில கூட வந்தேன்."

அவன் வந்தது நிஜம்.

"வந்த. இல்லங்கல. அதுக்காகப் புள்ளைங்கள ரோட்டுல உக்கார வைக்கறதா?"

"நான் உக்கார வைக்கல சார். சபதம் எடுத்துக் குடுத்தேன். மறிச்சது அவங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது அங்கேதான். செய்யச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன். சின்னப் பெண்ணை வெயிலில் உட்கார வைத்துவிட்டு, உட்கார்ந்தது அவள்தான் என்கிறான்.

"இதே பேச்ச எங்க ஏலக்கூடத்துல வந்து பேசுவியா? புள்ளைங்களப் பெத்தவங்க எதிருல?"

"எங்க வேணா பேசுவேன் சார். நான் என்ன திருடனா?"

"திருடன்னு சொல்லல. கதவு இல்லாத எடத்துல பேசுன்னுதான் சொல்றேன்."

"வரேன்" என்றான். ரோஷக்காரன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே பஞ்சநாதனிடம் போனேன். அன்று பஞ்சாயத்தார் எல்லோரும் கூடியிருந்தார்கள். வகுப்பை மறுபடி நடத்த வேண்டும், கோயில் பின்னறையில் அல்ல, ஏலக்கூடத்தில் என்றேன். ஏலக்கூடம் என்றால் மேலே தகரம், நாலு பக்கமும் திறப்பு, வெறும் தூண்கள். கரைக்கு வந்த மீன் அங்கேதான் ஏலம் போகும்.

"மீன் நாத்தத்துல சாமிப் பாட்டா?" என்றார் பஞ்சநாதன். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

இதற்கு நான் பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. செல்வாம்பாள் அக்கா வாசலில் நின்றபடியே, "நாத்தத்துலதான தலைவரே பொறந்தோம்? நாத்தத்தோடதான கோயிலுக்குப் போறோம்? அம்மன் எப்பனா மூக்க மூடிக்கினாளா?" என்றாள்.

நான் தொடர்ந்தேன். "ஏலத்துல காதோட சொன்ன வெல செல்லுமா தலைவரே?"

"அதெப்படிச் செல்லும்? எல்லார் காதுலயும் விழுற மாதிரி வாய்விட்டுக் கூவுனாதான் வெல. குசுகுசுன்னு கேட்டவன் மீன எடுத்தா அபராதம். இது இன்னா புதுசாக் கேக்கற?"

"மத்திக்கே அப்படின்னா, நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் ஏன் கதவச் சாத்திக்கினு காதோட சொல்ல விட்டீங்க? யாரு சொல்லிக் குடுத்தாலும் கூடத்துல சொல்லட்டும். பாட்டோ கதையோ சபதமோ, நமக்கும் கேக்கட்டும். கேட்டா நாமளும் கேள்வி கேப்போம். அவ்வளவுதான் நான் சொல்றது. பாட்ட ஏன் பூட்டறீங்க?"

பஞ்சநாதன் இடுப்புச் சாவியைத் தடவினார். "நீ மனு எழுதி எழுதி இப்படி ஆயிட்ட" என்றார். அது சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

பாக்கியலட்சுமி டீச்சருக்குப் போன் போட்டேன். அவர் சனிக்கிழமை ராத்திரி காரைக்காலிலிருந்து பஸ்ஸில் வந்து ஞாயிறு முழுக்கத் துணி துவைக்கிறார். "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரேன். அதுக்கு மேல என்னால ஆவாது. நடுவுல இருக்கற வாரம் புள்ளைங்களே பாடிப் பாக்கட்டும். தரைய மட்டும் கழுவி விடுங்க" என்றார்.

ஞாயிறு சாயங்காலம் தரையைக் கழுவி விட்டோம். ஒரு பக்கம் பெண்கள் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் வலை தைத்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள். சுவேதாவைக் காணவில்லை. டீச்சர் முதல் வரியை எடுக்கும்வரை காணவில்லை. ஜெயசித்ரா கருவாட்டைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரத்குமார் பைக் வந்தது, பின்னால் எங்கள் குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர். அதற்கும் பின்னால் நடந்து சுவேதா வந்தாள். எங்கள் பக்கம் பார்க்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டில் சேர்ந்துகொண்டாள்.

பாட்டு முடிந்ததும் பஞ்சநாதன், "தம்பி சொல்ல வந்ததச் சொல்லட்டும்" என்றார்.

சரத்குமார் தூணில் சாயாமல் நேராக நின்று பேசினான். நம் சாமி, நம் தமிழ், நம் பாட்டு எவ்வளவு பெரிது, அதை மறந்துவிடக் கூடாது என்றான். பெண்கள் பிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். செல்வாம்பாள் அக்கா, "நல்லாத்தான பேசுது" என்று பக்கத்தில் சொன்னாள்.

"அந்த ஐஸ் சபதத்தையும் சொல்லு தம்பி" என்றாள் ஜெயசித்ரா.

அவன் கொஞ்சம் தயங்கினான். "நம்ம காசு நம்ம ஆளுங்ககிட்டயே இருக்கணும்னு சொன்னேங்க."

"இருக்கட்டும். ஐஸு?"

"நாமளே ஒரு ஃபேக்டரி வைக்கலாம்."

"வை. மொத ஐஸ் பார் நான் வாங்கறேன். அது வரைக்கும் மத்திய மடில கட்டிக்கினு விசிறவா?"

கூடம் முழுக்கச் சிரித்துவிட்டது. வலை தைக்கிறவர்களும், சின்னப் பிள்ளைகளும்கூட. சரத்குமாரின் காது சிவந்தது. "இதுதான் நம்ம ஆளுங்க. அவங்கள ஒருத்தன் பேசினா சும்மா இருப்பாங்களா? நம்மளப் பேசினா நாமளே சிரிக்கறோம்" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னான். "வாங்க, போலாம்."

அவனோடு வந்த இரண்டு பையன்களும் எழுந்தார்கள். சுவேதாவும் எழுந்தாள்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது, உட்காருடி என்று. சொல்லியிருந்தால் போயிருப்பாள். என் மகளை எனக்குத் தெரியும். ஜெயசித்ராவும் கருவாட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

"அண்ணன் பேசறப்போ சிரிச்சீங்களே, அது தப்பு" என்றாள் சுவேதா. "அவரு மழையில வந்தப்போ நீங்க யாரும் வரல."

பெண்கள் மறுபடி கருவாட்டைப் பிரிக்கத் தொடங்கினார்கள், சுவேதா விடவில்லை.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு. பள்ளிவாசல்ல அவங்க வகுப்புல நம்மளப் பத்தி என்னா சொல்லித் தராங்கன்னு உங்க யாருக்குனா தெரியுமா? அவங்க மட்டும் இப்படி நாலு பக்கமும் தெறந்து வச்சுக்கினா சொல்லித் தராங்க?"

பஞ்சநாதன் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் டீச்சர்.

"எனக்கும் தெரியாது" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

சரத்குமார் பைக்கில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமல், "பாத்தியா சுவேதா?" என்றான். "இததான் நான் மாடில சொன்னேன்."

"நீ மாடில இன்னா சொன்ன?" என்று கேட்டாள் ஜெயசித்ரா. "அவுங்க இன்னா சொல்லித் தராங்கன்னு நீ போய்ப் பாத்தியா?"

"பாக்கணும்னு இல்லங்க. தெரிஞ்சதுதான்."

சுவேதா அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க பாக்கலையாண்ணா? நேர்ல பாத்த மாதிரிதான சொன்னீங்க?"

அவன் பைக்கை உதைத்தான். அந்த இரண்டு பையன்களும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பைக் மெயின் ரோடு பக்கம் போய் மறைந்தது. இதில் எனக்கு ஒரு வெற்றியும் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகள் அவனோடு போயிருக்கிறார்கள், அந்த மாடி ஜன்னல் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது.

"அந்த ரெண்டு வூட்டுக்கும் யாரு போய்ப் பேசறது?" என்றேன்.

"நீதான. வேற யாரு?" என்றார் பஞ்சநாதன், முடிந்துபோன விஷயத்தைப் பேசுவது போல.

சுவேதா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஜெயசித்ரா கருவாட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"முல்லா வீதில நூர்ஜஹான் வூட்ல உன் வயசுல ஒரு பொண்ணு இருக்குது. பள்ளிவாசலுக்கு ஓதப் போவுது. நாளைக்கு ஸ்கூல் வுட்டதும் என்கூட வா. நீயே கேளு."

"கேட்டா சொல்லுவாங்களா?"

"சொன்னா கேட்டுக்க. சொல்லலன்னா, சொல்லலன்னு வந்து இங்க சொல்லு. எல்லாரும் கேப்போம்."

"தப்பா எதுனா சொல்லிக் குடுத்தா?"

"அதையும் இங்க வந்து சொல்லு. நான் போய் நூர்ஜஹானக் கேக்கறேன். கேக்க மாட்டேனா?"

சுவேதா யோசித்தாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"வரேன். ஆனா கூடையெல்லாம் தூக்க மாட்டேன்."

"நீ தூக்காம? நான் ஒரு கையில கூடைய வச்சுக்கினு ஒரு கையில உன்னப் புடிச்சுக்கினு போவணுமா?"

"கேள்வி கேக்கத்தான வரேன், மீன் விக்கவா வரேன்?"

"கேள்வி கேக்கப் போற வூட்டுக்கு வெறுங்கையோடவா போவ?"

பாக்கியலட்சுமி டீச்சர் கையைத் தட்டினார். காரைக்காலுக்கு அவர் இரவே பஸ் ஏற வேண்டும். சுவேதா உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும், "தூக்க மாட்டேன்" என்று இன்னொரு முறை அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வாயைத் திறந்தாள்.